இயந்திரத்தைக் கேட்டுச் சொல்கிறவள்

எங்கள் அக்காவிடம் எதையும் வாங்கி வந்து பெருமையாகக் காட்டிவிட முடியாது. ஒருமுறை நான் பழைய லேப்டாப் ஒன்று வாங்கி வந்தேன். எட்டு கோர், அதாவது எட்டு மூளை, என்று விற்றவன் தலையில் அடிக்காத குறையாகச் சத்தியம் செய்திருந்தான். அக்கா சாப்பிட்டுக்கொண்டிருந்த தட்டைத் தள்ளி வைத்துவிட்டு, சாவிக்கொத்தில் தொங்கும் பென்டிரைவை அதில் செருகி, ஒரு கறுப்புத் திரையை வரவழைத்தாள். இடது கையால் lscpu என்று ஐந்தே எழுத்து தட்டினாள். திரையில் வரிவரியாக ஏதோ இறங்கியது. அவள் அதை ரேஷன் அட்டை படிப்பதுபோலப் படித்தாள்.

"எட்டு இல்லடா, நாலு. அந்த நாலும் நெசத்துல ரெண்டுதான். ஒரே ஆள ரெண்டு நாற்காலில மாத்தி மாத்தி உக்கார வச்சு, ரெண்டு பேருன்னு சொல்லிருக்கான்."

"கடக்காரன் ஸ்டிக்கர்லயே போட்டிருக்கானேக்கா."

"ஸ்டிக்கர் பொய் சொல்லும். பில்லு பொய் சொல்லும். விக்கிறவனப் பத்திக் கேக்கவே வேணாம். மெஷினக் கேளு, அதுவே சொல்லிரும்."

என் மனைவி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு உள்ளே போனாள். எனக்கு எரிச்சலாக இருந்தது. இருந்தாலும் மறுநாள் கடைக்குப் போய் ஒரு மூச்சு கத்தி, சாமானை மாற்றிக்கொண்டுதான் வந்தேன்.

அக்காவுக்கு அதுதான் வேலை. நாங்கள் இருவருமே ஒரே ஆஸ்பத்திரியில் இருக்கிறோம். ஆறு மாடிக் கட்டடம். நாலு லிஃப்டும் என் பொறுப்பு. மூன்றாம் மாடியில் கம்ப்யூட்டர் அறை அவள் பொறுப்பு. எந்த இயந்திரத்தில் என்ன பிராசஸர், எத்தனை கோர், எவ்வளவு மெமரி, உடம்பில் குத்தியிருக்கும் வரிசை எண் என்ன என்று ஒவ்வொன்றையும் அந்த இயந்திரத்திடமே கட்டளை போட்டுக் கேட்டு எழுதிவைக்க வேண்டும். இருபத்திரண்டு வருஷமாக அதையே செய்தாள். அறை எப்போதும் குளிரில் உறைந்து கிடக்கும். வெளியே வெயில் மண்டையைப் பிளக்கும்போதும் அக்கா முழுக்கை ஸ்வெட்டரோடுதான் லிஃப்டில் ஏறுவாள். கல்யாணம் பண்ணிக்கொள்ளவில்லை. எங்கள் வீட்டு மாடியில் இருக்கிறாள், சாப்பாடு எங்களோடு. என் பெண் பரீட்சையில் எடுத்த மார்க்கைச் சொன்னால்கூட, "பேப்பர எடுத்துட்டு வா, பாக்கலாம்" என்பாள். "அத்தைக்கு என்னைய நம்பிக்கையே இல்ல" என்று அது மூக்கைச் சிந்தும். நம்பிக்கை விஷயம் இல்லை அது. கண்ணால் பார்க்காத எதையும் வாயால் சொல்லக்கூடாது என்பது அவள் கொள்கை. அந்தக் கொள்கையில் கொஞ்சம் திமிரும் கலந்திருந்தது என்று இப்போது சொல்கிறேன். அப்போது நானும் அதைப் பெருமையாகத்தான் ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தேன்.

ஒரு சின்ன விஷயத்தை மட்டும் இங்கே விளக்கியாக வேண்டும். அந்தக் கறுப்புத் திரையில் ஒவ்வொரு வரிக்கும் முன்னால் நாம் எந்த இயந்திரத்தில் இருக்கிறோமோ அதன் பெயர் தானாக வரும். அக்கா தன் மேஜையில் உட்கார்ந்தபடியே பத்து இயந்திரங்களுக்குள் போவாள், வருவாள். பத்துக்கும் பத்து ஜன்னல் திரையில் திறந்திருக்கும். பெயர் வராவிட்டால் எது எந்த ஜன்னல் என்று குழம்பிப்போகும். ஆனால் அக்கா அந்தப் பெயரை எடுத்துவிட்டிருந்தாள். அவள் திரையில் ஒரு டாலர் குறி மட்டும் மொட்டையாக நிற்கும். புதிதாக வந்த ஒரு எஞ்சினியர், ஏன் மேடம் இப்படி என்று கேட்டாராம். "நான் எங்க நிக்கிறேன்னு எனக்குத் தெரியாதா?" என்று அவர் வாயை அடைத்துவிட்டதாக வீட்டில் வந்து சொல்லிச் சிரித்தாள். நாங்களும் சிரித்தோம்.

அக்கா வாயால் சொல்வதைக் கையால் செய்கிறவனுக்கு ஏணி என்று பெயர். வைத்தவன் நான்தான். இயந்திரங்கள் அடுக்கியிருக்கும் அலமாரியின் மேல்தட்டை ஸ்டூல் போடாமலே எட்டிவிடுவான், அவ்வளவு உயரம். நாற்பது வயது, இரண்டு பிள்ளைகள், ஒப்பந்தக் கம்பெனி ஆள். ஒன்பது வருஷமாக அக்காவோடு வேலை. இந்த எண்ணுள்ள பெட்டியைக் கழற்று என்று சீட்டில் எழுதிக் கொடுப்பாள். அவன் போய்ப் பெட்டியின் முன்னால் இருக்கும் எண்ணைச் சரிபார்த்துக் கழற்றுவான். ஒன்பது வருஷத்தில் ஒரு திருகாணியைக்கூடத் தொலைத்ததில்லை.

ஒரு செவ்வாய்க்கிழமை காலை. மூன்றாவது அலமாரியில் ஒன்றின் மேல் ஒன்றாக இரண்டு இயந்திரங்கள் உண்டு. ஒரே நாளில் வாங்கியவை. பிராசஸர் பெயர், கோர் எண்ணிக்கை, வேகம், மெமரி எல்லாம் எழுத்துக்கு எழுத்து ஒன்று. வரிசை எண்ணிலும் கடைசி இரண்டு எழுத்து மட்டும்தான் வேறு. ஒன்றில் ரத்தப் பரிசோதனைக் கூடத்தின் முடிவுகள் எல்லாம் இருந்தன. மற்றது பழைய அறிக்கைகளை வைத்துக்கொண்டு சும்மா கிடந்தது. சும்மா கிடந்ததன் மெமரியில் பிழை வர ஆரம்பித்தது. அக்கா இரண்டையும் தன் திரையில் இரண்டு ஜன்னலில் திறந்து பார்த்தாள், வரிசை எண்ணைக் கேட்டுச் சீட்டில் எழுதினாள். அதற்குள் நோய் பிடித்த இயந்திரம் அப்படியே சிக்கி நின்றுவிட்டது. அணைந்துகொள் என்றால் அணையவில்லை. ஏணியைக் கூப்பிட்டுச் சீட்டைக் கொடுத்தாள்.

"பட்டன அமுக்கியே அணைச்சிரு. வெளிய இழு. மெமரிய மாத்தணும்."

அவன் அணைத்தது ரத்தப் பரிசோதனை இயந்திரத்தை.

ஓடிக்கொண்டிருந்ததைப் பாதியில் நிறுத்தியதால் உள்ளே எல்லாம் கலைந்துபோயிற்று. திரும்ப எழுப்ப ஐந்து மணிநேரம் ஆனது. அந்த ஐந்து மணிநேரமும் எந்த வார்டிலும் முடிவு தெரியவில்லை. கூடத்துக்காரர்கள் கையால் எழுதி ஆள் வைத்து அனுப்பினார்கள். காகிதங்கள் குவிந்தன. ஒரு காகிதம் குவியலின் அடியில் போய்விட்டது. நாலாவது மாடியில் இருந்த ஒரு தையல்காரருடையது அது. அவர் ரத்தத்தில் பொட்டாசியம் ஏறிக் கிடந்தது. தெரிந்திருந்தால் ஒரு ஊசியில் இறக்கியிருப்பார்களாம். மத்தியானம் அவருக்கு இதயம் நின்றது. டாக்டர்கள் நாலாவது மாடியில் இறங்க லிஃப்டைப் பிடித்துவைத்துக்கொண்டு நின்றவன் நான். உயிரைத் திருப்பிக் கொண்டுவந்துவிட்டார்கள். ஆனால் பேச்சு போயிற்று. இரண்டு கை விரல்களும் மடங்கினால் மடங்கினபடி நின்றன.

இரண்டு நாள் கழித்து விசாரணை வைத்தார்கள். நிர்வாக அதிகாரி முதலில் ஏணியைத்தான் கேட்டார். சீட்டில் இருந்த எண்ணைத்தான் பார்த்துக் கழற்றினேன் என்றான். சீட்டு எங்கே என்றார். பேன்ட் பையில் இருந்தது, மனைவி துவைக்கப் போட்டுவிட்டாள், கூழாகிவிட்டது. அக்கா முன்பே எழுதிவைத்திருந்த பதிவேட்டைக் கொண்டுவந்தார்கள். அதில் நோய் பிடித்த இயந்திரத்தின் எண் சரியாகத்தான் இருந்தது. அதிகாரி அக்காவைப் பார்த்தார்.

"நான் மெஷினக் கேட்டுத்தான் சார் எழுதுனேன். அது தப்பா சொல்லாது."

அக்கா பொய் சொல்லவில்லை. அவளுக்கு அதில் துளிகூடச் சந்தேகம் இல்லை. அன்று ராத்திரி சாப்பிடும்போதும், "பாவம், பதட்டத்துல மேல இருக்கறதப் பாத்துட்டான் போல" என்று அவனுக்காக வருத்தப்பட்டாள். விசாரணையில் ஏணி அக்காவின் முகத்தைப் பார்த்தானாம். பிறகு, "அப்ப நான்தான் சார் சரியாப் பாக்காம விட்டிருப்பேன்" என்று சொல்லிவிட்டான். அன்று சாயங்காலமே கம்பெனி அவனை நிறுத்திவிட்டது. என் லிஃப்டில்தான் இறங்கினான். ஸ்க்ரூடிரைவர் பையை நெஞ்சோடு பிடித்திருந்தான். நான் ஏதோ ஆறுதலாகச் சொன்னேன். என்ன சொன்னேன் என்று நினைவில்லை, உருப்படியாக ஒன்றும் சொல்லியிருக்க மாட்டேன்.

பதினாறு நாள் போயிற்று. ஒரு மத்தியானம் மொட்டைமாடியில் லிஃப்ட் மோட்டார் அறையில் கிரீஸ் போட்டுக்கொண்டிருந்தேன். கதவு திறந்தது. அக்கா. இருபத்திரண்டு வருஷத்தில் அவள் அந்த அறைக்கு ஏறி வந்ததே இல்லை. முகத்தில் ஈயாடவில்லை. ஸ்வெட்டர் வியர்வையில் நனைந்திருந்தது, கழற்ற வேண்டும் என்றுகூட அவளுக்குத் தோன்றவில்லை.

"நான்தான்டா," என்றாள்.

"என்ன நான்தான்?"

மோட்டார் சத்தத்தில் அவள் குரல் அமுங்கியது. விசையை அணைத்தேன். கையில் ஒரு காகிதம் வைத்திருந்தாள். தனி அனுமதி வேண்டிய கட்டளை எதையாவது போட்டால், யார், எத்தனை மணிக்கு, என்ன போட்டார்கள் என்று இயந்திரம் தனக்குள்ளேயே குறித்துவைக்குமாம். மீட்டெடுத்த ரத்தப் பரிசோதனை இயந்திரத்தின் குறிப்பை மாத அறிக்கைக்காக அவள் அன்று பார்த்திருக்கிறாள். செவ்வாய்க்கிழமை காலை, பதினொரு மணி பன்னிரண்டு நிமிஷம். வரிசை எண்ணைக் கேட்கும் கட்டளை. போட்டவர் பெயர் அக்காவுடையது.

"அடுத்த ஜன்னல்ல போட்டுட்டேன்டா. ரெண்டும் ஒன்னு போலவே வரும். பிராசஸரு, கோரு, எல்லாம். ரெண்டும் வெறும் டாலர் குறி. நோய் புடிச்சதக் கேக்குறேன்னு நெனச்சுக்கிட்டு நல்லதக் கேட்டுருக்கேன். அதுவும் தன் நம்பரச் சரியாத்தான் சொல்லிருக்கு. அவன் சீட்டுல இருந்ததத்தான் புடுங்கிருக்கான்."

பதிவேட்டைப் பார்த்து எழுதியிருந்தாலே சரியாக இருந்திருக்கும் என்று எனக்குத் தோன்றியது. அவளுக்கும் தோன்றியிருக்கும்.

இப்போது என் பங்குக்கு வருகிறேன். இதை எழுதுவதற்கே கை கூசுகிறது. ஒரு மனுஷனுக்கு இதயம் நின்றுபோயிருக்கிறது, போலீஸ் வருமோ, அக்காவைப் பிடித்துக்கொண்டு போவார்களோ என்று பயந்தேன். காகிதத்தை அவள் கையிலிருந்து வாங்கி நாலாக மடித்தேன்.

"யாரு பாத்தா?"

"யாரும் பாக்கல. நான்தான் பாத்தேன்."

"அப்ப பேசாம இரு அக்கா. முடிஞ்சு போன விஷயம். அவனுக்கு வேற வேல கிடைச்சிரும். கையில தொழில் இருக்கு."

"அவன் மேல பழி கிடக்குதேடா."

"நாளாவட்டத்துல எல்லாரும் மறந்துருவாங்க. நீ வாயைத் தொறந்து மாட்டிக்காத."

அக்கா என் பேச்சைக் கேட்டாள். அவள் வாழ்க்கையில் என் பேச்சைக் கேட்டது அந்த ஒரு தடவைதான். பதினொரு நாள் கேட்டாள். தட்டில் சோற்றைப் பிசைந்துகொண்டே உட்கார்ந்திருப்பாள். என் மனைவி, "அண்ணி, ஒடம்புக்கு முடியலையா, டாக்டரப் பாத்துட்டு வருவோமா" என்று தினமும் கேட்டாள். அவளிடம் நான் எதுவும் சொல்லவில்லை. அக்கா கம்ப்யூட்டர் அறையில் எல்லா ஜன்னலிலும் இயந்திரத்தின் பெயரைத் திரும்ப வரவழைத்துவிட்டாளாம், அதுவும் சிவப்பு எழுத்தில். அதை என்னிடம் ஒரு காரியம் செய்துவிட்டதுபோலச் சொன்னாள். நானும் நல்லது என்றேன்.

அந்த நாட்களில்தான் ஏணியை மறுபடி பார்த்தேன். பார்வையாளர் நேரம் நாலு மணிக்குத் தொடங்கும். நாலு அடித்தால் லிஃப்ட் வாசலில் நிற்பான். ஷேவ் செய்யாத முகம், கையில் ஒரு சின்ன எண்ணெய்ப் புட்டி. நாலாவது மாடி என்பான். சொந்தக்காரர் யாரோ படுத்திருக்கிறார் என்று நினைத்தேன். நினைத்தேன் என்பதும் சப்பைக்கட்டுதான். நாலாவது மாடியில் யார் இருக்கிறார் என்று எனக்குத் தெரியாதா? ஒரு நாள் கேட்டே விட்டேன்.

"தையல்காரரப் பாக்கத்தான்ணே," என்றான். "வெரலு மடக்கி நீட்டணும்னு சொல்லிருக்காங்க, தெனம் ஒரு மணிநேரம். அவரு சம்சாரம் ஒரு ஆளு என்ன செய்யும்? நான் பண்ணது, நான்தானே செய்யணும்."

"அவங்களுக்கு நீ யாருன்னு தெரியுமா?"

"மொத நாளே சொல்லிட்டேன். நான்தான் மெஷினத் தப்பாப் புடுங்குனவன்னு. அடிப்பாங்கன்னு நெனச்சேன். அழுதாங்க. அப்புறம் எண்ணெய் வாங்கிட்டு வரச் சொன்னாங்க."

"வேற வேல தேடலையா?"

"ஒரு கடையில கூப்பிட்டாங்கண்ணே. போனேன். ஒரு பெட்டியத் தொறக்கறதுக்குள்ள நம்பர ஏழு தடவ பாத்தேன். அப்பவும் கை வரல. வந்துட்டேன்." கொஞ்சம் தயங்கி, "வீட்லயும் கேஸ அணைச்சனான்னு எந்திரிச்சு எந்திரிச்சுப் பாக்குறேன். கண்ணு பாத்தத மனசு நம்ப மாட்டேங்குது" என்றான்.

மாடி வந்தது, இறங்கிப் போனான். நான் கீழே போகாமல் அங்கேயே நின்றுகொண்டிருந்தேன். மூன்றாம் மாடியில் யாரோ மணியை அழுத்திக்கொண்டே இருந்தார்கள். மறுநாள் காலை டீ குடிக்கும்போது அக்காவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவள் டம்ளரைக் கீழே வைத்தாள். ஸ்வெட்டரைக்கூட எடுக்காமல் கிளம்பிப் போய்விட்டாள்.

நிர்வாக அதிகாரிக்கு இது பிடிக்கவில்லை. மூடிய விஷயத்தை எதற்கு மேடம் கிளறுகிறீர்கள் என்றாராம். அக்கா அந்தக் காகிதத்தை மேஜையில் வைத்துத் தன் கையால் இரண்டு பக்கம் எழுதிக் கொடுத்தாள். பதினொரு நாள் தெரிந்தும் சொல்லாமல் இருந்ததையும் எழுதியிருந்தாள். என் பெயரை மட்டும் எழுதவில்லை. அவளைக் கம்ப்யூட்டர் அறையிலிருந்து எடுத்து, தரைத்தளத்தில் பழைய கோப்புகள் அறையில் போட்டார்கள். மேற்கொண்டு நடவடிக்கை பிறகு என்றார்கள். ஏணியின் மேல் தவறில்லை, வேலைக்குத் திரும்பலாம் என்று கம்பெனியிலிருந்து கடிதம் போயிற்று.

ஒரு வாரம் ஆகியும் அவன் வேலைக்கு வரவில்லை. நாலு மணிக்கு எண்ணெய்ப் புட்டியோடுதான் வந்தான்.

அக்கா அன்று நாலரைக்கு லிஃப்டில் ஏறினாள். நானும் கூடப் போனேன். ஜன்னல் ஓரக் கட்டிலில் தையல்காரர் சாய்ந்திருந்தார். அவர் மனைவி துண்டை மடித்துக்கொண்டிருந்தார். ஏணி அந்த உயரத்தை எப்படி மடக்கினானோ, ஒரு சின்ன ஸ்டூலில் குறுகி உட்கார்ந்து அவர் சுட்டுவிரலை நீட்டிக்கொண்டிருந்தான். அக்காவைப் பார்த்ததும் எழுந்திருக்கப் பார்த்தான்.

"உக்காரு," என்றாள் அக்கா. "லெட்டர் வந்துச்சா?"

"வந்துச்சு மேடம்."

"ஏன் வரல?"

அவன் சுட்டுவிரலில் எண்ணெயைத் தேய்த்தான். அக்கா காகிதத்தை எடுத்து அவன் மடியில் விரித்தாள். "பாரு. இது லேப் மெஷினோட குறிப்பு. பதினொன்னு பன்னெண்டு. என் பேரு. நான் தப்பான ஜன்னல்ல கேட்டுத் தப்பான நம்பர உனக்கு எழுதிக் குடுத்தேன். நீ சரியாத்தான் பாத்த. சீட்டுல இருந்ததத்தான் புடுங்குன."

ஏணி எண்ணெய்க் கை படாமல் காகிதத்தைக் குனிந்து படித்தான். மெதுவாகத்தான் படித்தான், ஒரு தடவைக்கு மேல் படித்தான் என்று நினைக்கிறேன். பிறகு அக்காவைப் பார்த்துச் சிரித்தான். அந்தச் சிரிப்பைப் பார்த்ததும் எனக்குக் காரியம் கெட்டுவிட்டது என்று புரிந்துவிட்டது.

"எம் புள்ளைங்கள நெனச்சு சொல்றீங்க மேடம். எனக்குத் தெரியாதா? இதுக்காக ஒங்க வேலையவே விட்டுட்டீங்களாமே. அண்ணன் சொல்லல, கீழ வாட்ச்மேன் சொன்னாரு. இப்படியெல்லாம் பண்ணாதீங்க மேடம்."

"நான் பொய் சொல்லலடா. நேரம் போட்டிருக்கு பாரு."

"சரிங்க மேடம்."

அக்கா தையல்காரரின் மனைவி பக்கம் திரும்பினாள். "அம்மா, நீங்களாவது கேளுங்க. இவரு மேல ஒரு தப்பும் இல்ல. நான்தான். எல்லாம் நான்தான் பண்ணேன். தெரிஞ்சதுக்கு அப்புறமும் சொல்லாம இருந்தேன்."

அந்த அம்மாள் துண்டை அப்படியே மடியில் வைத்தார். அக்காவை மேலிருந்து கீழ்வரை பார்த்தார். கட்டிலில் இருந்தவரின் வாய் ஏதோ சொல்ல வருவதுபோல அசைந்தது, ஒன்றும் வரவில்லை.

"அப்ப நீங்க போயிருங்க," என்றார் அந்த அம்மாள். குரல் உயரவே இல்லை. "இவரு இருக்கட்டும்."

ஏணி விரலை விட்டுவிட்டு எழுந்து நின்றான். அவன் தலை மேலே மாட்டியிருந்த திரைக்கம்பியைத் தொட்டது.

"மேடத்த ஒன்னும் சொல்லாதீங்கம்மா," என்றான் கெஞ்சுகிற மாதிரி. "அவங்க எனக்காகப் பொய் சொல்றாங்க. நான்தாம்மா பண்ணேன். எனக்கு நல்லா ஞாபகம் இருக்கு, சீட்டுல வேற நம்பர்தான் இருந்துச்சு, நான்தான் மாத்திப் புடுங்கிட்டேன்."

அக்கா அவன் மடியிலிருந்து விழுந்த காகிதத்தைக் குனிந்து எடுத்தாள். அவன் மறுபடி ஸ்டூலில் உட்கார்ந்து தையல்காரரின் அடுத்த விரலை எடுத்துக்கொண்டான்.